பசியாறாமல் போகும் பிள்ளை



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விடியற்காலை ஐந்து மணி எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லயத்தில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியும். பெரட்டுக்கு நேரமாகிவிட்டதே என்ற பதைப்பில் அம்மா கொண்டையை முடிந்துகொண்டே அடுப்பில் தண்ணீரை வைப்பார். ரப்பர்த் தோட்டமாயிருந்தால் இருட்டோடு இருட்டாகத் தீம்பாருக்குப் போயாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் இறங்காது. இன்று பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே புறப்படுவது மாறிவிடவில்லை. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிவந்து தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கிற குடும்பங்களிலும் இதே கதைதான். தாயும் தகப்பனும் வாசற்படியைத் தாண்டும்போது பள்ளிக்குப் போகிற பிள்ளை இன்னும் பாயில் சுருண்டு கிடக்கும்.

அந்தப் பிள்ளை தானே எழுந்து, தானே முகத்தைக் கழுவி, தானே சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் புறப்படுகிறதே, அது என்ன பசியாறிவிட்டுப் போகிறது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான். இதைப் பேச எனக்குத் தகுதி உண்டா என்று நீங்கள் கேட்கலாம். நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவன். இந்த விஷயத்தில் தவறு செய்தவன் என்கிற தகுதியும் எனக்கு உண்டு.

நான் ஆசிரியர் பணியைத் தொடங்கியது 1978ஆம் ஆண்டில், ஒரு ரப்பர்த் தோட்டப் பள்ளியில். நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன். முதல் பாடவேளையில் ஒழுங்காக இருப்பான். இரண்டாவது பாடவேளையில் கணக்கு எடுக்கும்போது அவன் கண் செருகும். மூன்றாவதில் மேசைமேல் தலை சாய்ந்துவிடும். இரண்டு முறை அதட்டினேன். மூன்றாம் முறை பிரம்பை எடுத்தேன். அவன் அழவில்லை; கையை நீட்டி வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். அழுதிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

ஓய்வு நேரத்தில் மற்றப் பிள்ளைகள் சிற்றுண்டிச் சாலைக்கு ஓட, அவன் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனேன்.

"காலையில என்னடா பசியாறின?"

"தேத்தண்ணி சார்."

"வேற?"

"ரொட்டி ரெண்டு இருந்துச்சு சார். தங்கச்சிக்குக் குடுத்துட்டேன்."

"ராத்திரி?"

"சோறு சார். அம்மா ஏழு மணிக்கே போட்டுட்டாங்க. காலையில சீக்கிரம் எழுந்திருக்கணும்ல."

முதல்நாள் இரவு ஏழு மணியிலிருந்து மறுநாள் காலை பத்து மணி வரை எண்ணிப் பாருங்கள். பதினைந்து மணி நேரம். அதற்குள் அவன் வயிற்றில் விழுந்தது ஒரு மங்கு இனிப்புத் தேத்தண்ணி. அதே காலையில் நான் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு வந்து, அவன் சோம்பேறி என்று அடித்திருக்கிறேன். அந்தப் பருவத்தின் மதிப்பீட்டு அட்டையில் 'கவனம் போதாது' என்று என் கையாலேயே எழுதியும் கொடுத்திருந்தேன். அந்த அட்டையைத் திரும்ப வாங்கித் திருத்த வழியில்லை.

பள்ளிப் பிள்ளையின் மூளை சும்மா இருக்கிற உறுப்பு அன்று. தூங்கும்போதும் அது வேலை செய்துகொண்டே இருக்கிறது. அதற்குத் தேவையான குளுக்கோஸ் இரத்தத்தின் வழியாக இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடம்பில் சேமிப்பு குறைவு. இரவு முழுவதும் செலவாகி, காலையில் கையிருப்பு தீருகிற நிலையில் இருக்கும். அந்நேரத்தில் வெறும் இனிப்புத் தண்ணீரை ஊற்றினால் சர்க்கரை சட்டென்று ஏறும், பிறகு இறங்கும். அந்தப் பையன் முதல் பாடத்தில் விழித்திருந்ததற்கும் இரண்டாம் பாடத்தில் தலை சாய்ந்ததற்கும் காரணத்தை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கிக்கொண்டேன். சோறோ, தோசையோ, அதனுடன் பருப்போ முட்டையோ சேர்ந்து போனால், அது மெல்ல மெல்லச் செரித்துப் பகல்வரை தாங்கும்.

சோறு என்றதும் ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. நம் நாட்டிலேயே நடந்தது. தோட்டத் தமிழர்களாகிய நமக்கும் அதில் பங்கு உண்டு. ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் மனிதர்களை வாரிக்கொண்டு போனது. கால் மரத்துப் போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஏராளமாக மாண்டார்கள். அதே மண்ணில், அதே மழையில், அவர்களைப் போலவே உழைத்த தமிழர்களை அந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. ஏன்? நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிராடன் என்பவர் இரு சாராரின் சோற்றுப் பானையையும் கவனித்தார். சீனர்கள் உண்டது நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. வித்தியாசம் அரிசியில்தான் இருக்கிறதென்று 1907இல் அவர் ஒரு நூலே எழுதி வெளியிட்டார்.

கோலாலம்பூரில் ஃபிளெட்சர் என்ற மற்றொரு மருத்துவர் 1905இல் மனநோயாளர் இல்லத்தில் இருந்தவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி கண்டது; சிலர் இறந்தும் போனார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்கள் தப்பினார்கள். வாய் திறந்து மறுக்க முடியாத நோயாளிகளை வைத்து இப்படிச் சோதிப்பதை இன்றைக்கு எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது வேறு விஷயம். அதன் பிறகு, 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டேன்டனும் ஜெலபு பக்கத்தில் ஜாவானியத் தொழிலாளர்களிடையே ஆராய்ந்து, தீட்டும்போது நாம் கழித்துக் கொட்டுகிற தவிட்டில்தான் அந்தக் காக்கும் பொருள் இருக்கிறது என்பதை உறுதிப்படுத்தினார்கள். அதைத்தான் இன்று பி1 உயிர்ச்சத்து, தயாமின் என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கடியில் இருக்கிற அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை.

நம் பாட்டன் பாட்டிமார் இதையெல்லாம் படித்தறிந்தா புழுங்கல் அரிசி உண்டார்கள்? இல்லை. ஊரில் உண்டதைக் கப்பலேறி வந்த பிறகும் விடாமல் உண்டார்கள். பழக்கம் அவர்களைக் காத்தது. இப்போது பெரிபெரி அரிதாகிவிட்டது. ஆனாலும் பிள்ளைகளுக்குப் புழுங்கல் அரிசி பிடிப்பதில்லை, வாசனை அரிசிதான் வேண்டும் என்கிறார்கள் என்று தாய்மார்கள் என்னிடம் சொல்லும்போது, இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்வேன். முழுவதும் மாற்ற முடியாவிட்டாலும் வாரத்தில் சில நாட்களாவது புழுங்கல் அரிசி உலை ஏறட்டும். எந்த அரிசியானாலும் ஐந்தாறு தடவை கசக்கிக் கழுவவும் வேண்டாம். தண்ணீரில் கரைகிற சத்து தண்ணீரோடு போய்விடும்.

பழக்கம் காத்த கதை அது. பழக்கம் கெடுக்கிற கதையும் நம் வீட்டிலேயே இருக்கிறது. டின்பாலைத்தான் சொல்கிறேன்.

தேத்தண்ணியில் இரண்டு பெரிய கரண்டி டின்பால் கலந்து கொடுத்தால் பிள்ளை பால் குடித்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். டின்னைத் திருப்பி அதிலுள்ள எழுத்தைப் படித்துப் பாருங்கள். உங்களுக்குப் படிக்க வராவிட்டால் உங்கள் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கும் ஒரு பாடமாயிற்று. இன்று கடைகளில் பெரும்பாலும் விற்பது இனிப்பூட்டிய கிரீமர். சீனி முதலிலேயே நிற்கும். பிறகு செம்பனை எண்ணெய். பாலின் பங்கு கொஞ்சம். எடையில் ஏறக்குறையப் பாதி சீனி. இரண்டு பெரிய கரண்டி ஊற்றினால் நான்கைந்து தேக்கரண்டி சீனி போட்டதற்குச் சமம். ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டிக்குள் நிறுத்திக்கொள்வது நல்லதென்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு மங்கிலேயே பிள்ளையின் கணக்கு தீருகிற அளவுக்கு வந்துவிடுகிறது. அதன்பிறகு பள்ளியில் குடிக்கிற சிரப்புத் தண்ணீர், மாலையில் இன்னொரு மங்கு.

இந்த டின்பாலை எதிர்த்து முதலில் உரக்கப் பேசியவர்களில் ஒரு பெண் மருத்துவர் இருந்தார். பெயர் சிசிலி வில்லியம்ஸ். அவர் 1936இல் சிங்கப்பூருக்கு வந்தவர். அந்நாளில் இனிப்பு டின்பாலைக் கைக்குழந்தைகளுக்கு ஏற்றதென்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள். தாய்ப்பாலை விட்டு இதை உண்ட சிசுக்கள் மெலிந்து சாவதைப் பார்த்துப் பொறுக்காமல், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதற்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. வியாபாரிகளும் பெரிய மனிதர்களும் உட்கார்ந்திருந்த சபையில் அப்படிப் பேசத் துணிவு வேண்டும். பின்னர் ஜப்பானியர் காலத்தில் சாங்கிச் சிறையில் அடைபட்டு, உயிர் தப்பி, உலகச் சுகாதார நிறுவனத்தில் தாய் சேய் நலப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார்.

அவர் பேசியது கைக்குழந்தைகளைப் பற்றி. ஓடியாடுகிற பள்ளிப் பிள்ளையைத் தேத்தண்ணியில் கலந்த டின்பால் கொன்றுவிடாது. ஆனால் அது பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காலை உணவின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிள்ளை நாளைக்குப் பெரியவனாகிறபோது என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் இந்தியப் பெரியவர்களில் 100 பேருக்கு 31 பேர் நீரிழிவு உள்ளவர்கள். மற்ற இனத்தாரைவிட அதிகம். நம் வீடுகளில் ஊசி போட்டுக்கொள்ளும் தாத்தாவும் காலில் புண் ஆறாத பாட்டியும் இல்லாத வீடு எத்தனை? நாக்கு இனிப்புக்குப் பழகுவது ஏழு வயதில். ஐம்பது வயதில் அதைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்பதை நானே அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி, பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள் அரிசிப் பானையிலிருந்து பச்சை அரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்லுகிறாளா? சுண்ணக்கட்டியைக் கடிக்கிறாளா? ஐஸ்கட்டியைக் கறுக்குக் கறுக்கென்று தின்கிறாளா? திருநீற்றைத் தின்கிற பிள்ளைகளைக்கூட நான் பார்த்திருக்கிறேன். கெட்ட பழக்கமென்று அடிக்காதீர்கள். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தால் இப்படிப்பட்ட ஆசைகள் வருவதுண்டு. உள்ளங்கையும் கண்ணின் கீழ்இமை உள்பக்கமும் வெளுத்திருக்கும். படியேறினால் மூச்சு வாங்கும். பாடம் மனத்தில் நிற்காது. வீட்டில் 'சோம்பேறி' என்றும், பள்ளியில் 'மந்தம்' என்றும் பெயர் வாங்குவாள். அரசாங்கக் கிளினிக்கில் கொஞ்சம் இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஐந்து வயதிலிருந்து பதினொரு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 11.5க்குக் குறையக்கூடாது, பன்னிரண்டு வயதுக்குமேல் 12க்குக் குறையக்கூடாது. மாதவிலக்குத் தொடங்கிய பெண்பிள்ளைக்கு இழப்பு இன்னும் அதிகம். நான் சொன்ன அதே 2019ஆம் ஆண்டு ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பத்துப் பேருக்கு மூன்று பேர் இரத்தச்சோகை உள்ளவர்கள் என்று தெரியவந்தது.

இதில் நம் வீட்டு வழக்கத்துக்கும் பங்கு இருக்கிறது. மீன் துண்டு முதலில் அப்பாவுக்கு, பிறகு பையன்களுக்கு, அம்மாவும் மகளும் கடைசியில் குழம்போடு சரிக்கட்டிக்கொள்வது. வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிற தகப்பனுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வளர்கிற மகளுக்கும் ஒரு துண்டு அதே நேரத்தில் தட்டில் விழட்டும் என்கிறேன்.

இரும்புச்சத்து எதில் கிடைக்கும்? கோழி ஈரல் விலை குறைவு. வாரத்தில் ஒரு முறை போதும். மீன், கோழி, முட்டை, பருப்பு, கச்சான், தெம்பே எல்லாவற்றிலும் இருக்கிறது. கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு முழுவதும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதனுடன் எலுமிச்சையோ கொய்யாவோ பப்பாளியோ சேர்ந்தால் கூடுதலாக ஏறும். அவற்றில் உள்ள சி உயிர்ச்சத்து செய்கிற வேலை அது. இதற்கு நேர்மாறான வேலையைத் தேத்தண்ணி செய்கிறது. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே தேத்தண்ணி மங்கும் இருப்பது நம் வழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்பு, உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே கொண்டுபோய்விடும். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரமாவது கழியட்டும். பிள்ளைக்குச் சாப்பாட்டோடு பச்சைத் தண்ணீர் போதும்.

கொக்கிப்புழுவையும் மறக்கக்கூடாது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கிற பிள்ளையின் பாதம் வழியாக உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கிற புழு அது. அது வயிற்றில் இருக்கும்வரை ஈரலும் முட்டையும் கொடுத்து என்ன பயன்? கிளினிக்கில் கேட்டுப் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுங்கள். காலுக்குச் சிலிப்பரும் போடச் சொல்லுங்கள்.

பிள்ளை பருமனாயிருந்தால் சத்தோடு இருக்கிறது என்று நினைக்கிற தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் மெலிந்த பிள்ளைகளைத்தான் வகுப்பில் கண்டேன். நான் ஓய்வு பெறுகிற காலத்தில் அதே வரிசையில் பருத்த பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். 2019 ஆய்வில் 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் பத்துக்கு மூன்று பேர் எடை கூடியவர்கள். பாக்கெட் மீ, பொரித்த நக்கட், இனிப்புப் பானம் இவற்றால் உடம்பு பெருத்து, இரத்தம் மட்டும் வெளுத்திருக்கிற பிள்ளையும் உண்டு. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உண்ணும் பிள்ளைக்குத் தான் எவ்வளவு உண்டோம் என்பதே தெரியாது. அதை யார் கையில் கொடுத்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

அப்படியானால் தட்டு எப்படியிருக்க வேண்டும்? சுகாதார அமைச்சு எளிதாக ஒன்று சொல்லித் தருகிறது: 'சுக்கு, சுக்கு, செப்பாரோ'. நம்முடைய சுக்கு அல்ல. மலாய் மொழியில் சுக்கு என்றால் கால் பங்கு, செப்பாரோ என்றால் அரைப்பங்கு. தட்டில் கால் பங்கு சோறு அல்லது மீ, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு போன்றவை, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நம் வீட்டுத் தட்டை எண்ணிப் பாருங்கள். முக்கால் தட்டு சோறு, ஓர் ஓரத்தில் குழம்பு, இன்னோர் ஓரத்தில் வறுத்த உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கும் சோற்றின் சொந்தக்காரன்தான். அதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்க முடியாது.

காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பருப்பும் சோறும் சேர்ந்தால் ஒன்றில் குறைவாயுள்ள புரதக் கூறை மற்றொன்று நிறைவு செய்கிறது. ஆகவே பருப்புச் சோறும் இட்லி தோசையும் ஏழைச் சாப்பாடு என்று தாழ்வாக எண்ண வேண்டாம். நெத்திலியை முள்ளோடு தின்பதால் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சுண்ணாம்புச்சத்து கிடைக்கும். உப்புப் போகக் கழுவிவிட்டுச் சமையுங்கள். வேலியோரத்து முருங்கை காசு கேட்பதில்லை. அதன் கீரையைச் சிறிது எண்ணெய் விட்டு வதக்கினால் கண்ணுக்கு நல்லதான ஏ உயிர்ச்சத்து உடம்பில் ஏறும். வீட்டுக்குப் பின்னால் ஒரு பப்பாளி, ஒரு கொய்யா, ஒரு பாத்திக் கங்கோங். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது முடியாது என்பது எனக்குத் தெரியும். அவர்கள் சந்தையில் மலிவாயிருக்கிற கீரையைப் பார்த்து வாங்கலாம்.

பிள்ளைக்குப் பசியாற ஒன்றும் இல்லையே என்று இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி கையில் கொடுத்து அனுப்புகிறோம். அது எங்கே போகிறது என்பதை ஒரு வாரம் விசாரித்துப் பாருங்கள். சிற்றுண்டிச் சாலையில் மீகூனோ நாசி லெமாக்கோ வாங்கித் தின்றால் பரவாயில்லை. பெரும்பாலும் பள்ளி வாசலுக்கு வெளியே வந்து நிற்கிற வேனில் நிறம்போட்ட தண்ணீருக்கும் மொறுமொறுப் பாக்கெட்டுக்கும் போய்விடுகிறது. காசு கொடுத்துவிட்டோம் என்று நாமும் நிம்மதியாயிருக்கிறோம்.

அரசாங்கம் 1979ஆம் ஆண்டிலிருந்து கல்வி அமைச்சின் மூலம் தொடக்கப்பள்ளிகளில் கூடுதல் உணவுத் திட்டம் நடத்தி வருகிறது. ஆர்.எம்.டி. என்று ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாக உணவு கிடைக்கும். நான் அதற்குப் பெயர் எழுதுகிற பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தேன். பாரத்தைக் கொடுத்தால் சில பெற்றோர் நிரப்பித் தரமாட்டார்கள். ஒரு தகப்பனார் என் மேசைமேல் பாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு, "சார், நாங்க ஒண்ணும் பிச்சைக்காரங்க இல்ல, எம் புள்ளைக்கு நானே போடுவேன்" என்றார். அவருடைய ரோஷத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் மகள் ஓய்வு நேரத்தில் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். படிக்கிற ஆசையினால் அல்ல. மற்றவர்கள் தின்பதைப் பார்க்காமல் இருக்க. அவளுடைய தாயிடம் தனியாகப் பேசித்தான் மறு ஆண்டு பெயரைச் சேர்த்தேன். நேயர்களே, அந்த உணவு பிச்சை அன்று. நீங்கள் வாங்குகிற சோப்பிலும் வரி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பள்ளி அலுவலகத்திலோ வகுப்பாசிரியரிடமோ கேளுங்கள். வருமானச் சான்று வேண்டுமென்பார்கள். அதற்கு ஒரு நாள் அலைய நேரலாம். அலையுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இலவச உணவு உண்கிற பிள்ளைகளைத் தனி வரிசையில் நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு மானம் நம்மைவிட அதிகம்.

அந்தப் பையனின் கதையை நடுவில் விட்டுவிட்டேன். அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். தாயார் முக்காலியைத் துடைத்துப் போட்டு, "என்ன சார், ஏதும் தப்பு பண்ணிட்டானா?" என்று கேட்டார். தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. சொன்னேன். அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அஞ்சரை மணிக்குப் பெரட்டு சார். நாலரைக்கு எழுந்து ஆக்கிவச்சா ஏழு மணிக்கு ஆறிப்போயிடுது, திங்கமாட்டேங்கிறான். கைப்புள்ளைய வேற ஆயாக்கொட்டகையில விடணும். நான் என்ன சார் செய்யறது?" என்றார். அவருக்கு அக்கறையில்லை என்று அதுவரை எண்ணியிருந்த என்னிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

பதிலைக் கண்டுபிடித்தவர் அந்த அம்மாவேதான். இரவில் மீந்த சோற்றை நல்ல தண்ணீர் ஊற்றி மூடி வைப்பார். காலையில் அதில் சிறிது மோரும் உப்பும் சின்ன வெங்காயமும். இரவே வறுத்து டப்பாவில் போட்ட நெத்தலியும் கச்சானும். வீட்டில் இரண்டு கோழி வளர்த்தார். காலையில் தேத்தண்ணிக்கு வைக்கிற தண்ணீரிலேயே இரண்டு முட்டையையும் போட்டு அவித்து, அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று எடுத்து வைத்துவிட்டுப் போவார். சில நாட்கள் அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பூவும். ஆறிப்போனாலும் கெடாதவை, பிள்ளை தானே எடுத்துத் தின்னக்கூடியவை. பக்கத்து வீட்டுக் கிழவியிடம், "பெரியம்மா, தின்னுட்டுப் போறானான்னு மட்டும் ஒரு வார்த்தை கேளுங்க" என்று சொல்லி வைத்தார். அந்தப் பையன் பிறகு கணக்கில் முதலாவதாக வந்தான் என்று சொன்னால் உங்களுக்கு மகிழ்ச்சியாயிருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. நடுத்தரமாகவே வந்தான். இரண்டாம் பாடவேளையில் தூங்குவது நின்றது.

இன்றிரவு சமையல் முடிந்ததும் இதைச் செய்து பாருங்கள். நாளைக் காலைக்கு வேண்டியதை இன்றே தட்டில் எடுத்து மூடி வையுங்கள்; முட்டையை மட்டும் காலையில் அவித்து அதனுடன் வையுங்கள். பிள்ளைக்கு இடத்தைக் காட்டுங்கள். கை கழுவிவிட்டுத்தான் தட்டைத் தொட வேண்டும் என்று சொல்லுங்கள். மூடியின்மேல் அம்மிக் குழவியையோ கனமான ஒரு கல்லையோ வைக்க மறந்துவிடாதீர்கள். லயத்துப் பூனைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.